தண்ணீர் எப்போது வரும்: சென்னையின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் குழாய்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளின் அளவைக் கேட்பதற்கு முன்பே தண்ணீரைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். "மெட்ரோ வாட்டர் வருதா? போர் தண்ணி எப்படி, உப்பா? மாசத்துக்கு எத்தனை லாரி வாங்குறீங்க?" (மெட்ரோ வாட்டர் என்பது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்.) வீட்டுக்காரர் "தண்ணிப் பிரச்சினையே கிடையாது" என்று அடித்துச் சொன்னாலும், கீழ்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒரே அகலமுள்ள இரண்டு தெருக்களில், ஒரே வயதுள்ள இரண்டு கட்டடங்களில், வாடகை மாறுபடுவதற்கு இந்தப் பதில் ஒன்றே போதும்.

நகரங்களின் வாழத்தகு நிலையை அளக்கும் பட்டியல்களில் தண்ணீருக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்பது கணக்கு. இந்தியாவில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் என்பது அளவுகோல். அந்த எண் தேவைதான். ஆனால் அந்த 135 லிட்டரும் விடிகாலை 3 மணிக்கு ஒரு மணி நேரம் வந்து நின்றுவிடுகிறதா, நாள் முழுக்கக் குழாயில் இருக்கிறதா என்று அது சொல்லாது. தண்ணீர் எப்போது வரும், வந்ததை நம்பிக் குடிக்கலாமா, வராத நாளில் யார் சுமக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலில்தான் ஒரு நகரத்தின் வாழ்க்கைத்தரம் இருக்கிறது என்பது என் வாதம். அளவு என்பது இவற்றுக்குப் பிறகு வரவேண்டிய கேள்வி. சென்னையில் நாம் எப்போதும் அளவிலிருந்தே தொடங்குகிறோம்; அதனால்தான் எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தாலும் தெருவில் குடங்களின் வரிசை குறையவில்லை.

தூரம் கூடிக்கொண்டே போன கதை

வற்றாத ஆறு எதுவும் இல்லாத இடத்தில் வளர்ந்த நகரம் இது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் மழையை நம்பி ஓடுபவை. 1772ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏழுகிணறு தோண்டப்பட்டது. இன்றும் அந்தப் பகுதிக்கு அதுதான் பெயர். 1872ல் கொசஸ்தலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாக நகருக்குக் கொண்டுவந்தார்கள். வெகுகாலம் அது திறந்த கால்வாயில் வந்த, சுத்திகரிக்காத தண்ணீர். 1914ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்த பிறகுதான் வடிகட்டிய குடிநீர் நகருக்குக் கிடைத்தது. 1944ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. அதற்காக மேயராக இருந்து பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அப்புறம் தூரம் கூடத் தொடங்கியது. கிருஷ்ணா நதியிலிருந்து ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றும் தலா 5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) விட்டுக்கொடுத்து, வழியில் ஆகும் இழப்பு போக எல்லையில் 12 டிஎம்சி தருவது என்று ஒப்பந்தம் ஆனது. 1996ல் அந்த நீர் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஒப்புக்கொண்ட 12 டிஎம்சி முழுதாக வந்த ஆண்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2004ல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் கடலூர் மாவட்டத்தில் இருக்கும் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வந்தது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். 2010ல் மீஞ்சூரிலும் 2013ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றும் 10 கோடி லிட்டர். 2024ல் நெம்மேலியில் மேலும் 15 கோடி லிட்டர் சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஓர் ஆலை கட்டப்பட்டு வருகிறது.

ஒவ்வொரு வறட்சிக்கும் ஒரு புதிய ஊற்று. இந்த வரிசையில் பெருமைப்பட வேண்டிய பொறியியல் நிறைய இருக்கிறது. ஆனால் ஏரியிலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரை வந்த அக்கறை, அங்கிருந்து வீட்டுக்குழாய் வரை வரவில்லை.

ஏரிகளின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், 2020ல் சேர்ந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் நிரம்பினால் ஏறக்குறைய 11.75 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். நகரம் நாளுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால் ஒரு டிஎம்சி 28 நாளைக்கு வரும். வெயிலில் ஆவியாகிப் போவதையும், அடியில் எடுக்க முடியாமல் தங்குவதையும் கழித்தால், எல்லா ஏரியும் ததும்பி நின்றாலும் கையிருப்பு ஓராண்டுக்குக் காணாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆக, ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த சித்திரையில் சமையலறையில் தெரியும். இரண்டு பொய்த்தால் தெருவே தவித்துப்போகும்.

2019ல் தெரு அப்படித்தான் தவித்தது. 2018 பருவமழை கைவிட்டது. ஜூன் மாதம் அப்போதிருந்த நான்கு ஏரிகளும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போயின. நாளுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. சில ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தியதும், விடுதிகள் மாணவர்களை ஊருக்கு அனுப்பியதும் அந்தக் கோடையில்தான். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்தது. எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைக் காட்டின. அந்த ரயில் ஒரு நடையில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். குறைக்கப்பட்ட விநியோகத்திலும் அது அரை சதவீதம்கூட இல்லை. நகரத்தை அந்தக் கோடையில் உண்மையில் தாங்கியவை வீராணம் குழாய், கடல்நீர் ஆலைகள், சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீர், திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகள், கூடவே லட்சக்கணக்கான வீட்டுப் போர்கள். ரயிலுக்குக் கிடைத்த பேரில் ஒரு பங்காவது அந்தக் கிணற்றுக்காரர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

குழாய் காலியாக இருக்கும்போது நடப்பது

தண்ணீர் குறைவு என்பதால் முறை வைத்து விடுகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டிலும் சென்னையில் குழாய் நாள் முழுக்க ஓடுவதில்லை. இந்தியாவின் பெரும்பாலான நகரங்களிலும் இதே நிலைதான். ஒரு நாளைக்குச் சில மணி நேரம், சில இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். இந்த இடைவெளி வெறும் வசதிக்குறைவு என்று விட்டுவிடக்கூடியதல்ல. ஒரு நகரத்தின் ஆரோக்கியம், செலவு, தூக்கம் எல்லாவற்றிலும் அது கைவைக்கிறது.

குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால், விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெளியே உள்ளது உள்ளே வராது. விநியோகம் நின்று குழாய் காலியானதும் நிலைமை தலைகீழாகிறது. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, மண்ணில் ஊறிக்கிடக்கும் சாக்கடையை விரிசல் வழியாக உள்ளே இழுக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே தெருவில் அருகருகே, இரண்டுமே பல பத்தாண்டு வயதில் கிடக்கின்றன. அடுத்த முறை தண்ணீர் திறந்துவிடும்போது முதல் சில நிமிடங்கள் கலங்கலாக, நாற்றத்தோடு வருவதற்குக் காரணம் இதுதான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போது அது நல்ல தண்ணீர். வழியில்தான் கெடுகிறது. அழுத்தம் போதாமல் சிலர் மோட்டாரை நேராக மெயின் குழாயிலேயே மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி தவறு, எல்லோருக்கும் தெரியும். அது அந்த வெற்றிடத்தை இன்னும் கூட்டுகிறது. தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டும் வராமல் செய்கிறது.

நேரம் வைத்து வருவதால் சேர்த்து வைக்கவேண்டியிருக்கிறது. வசதி உள்ளவர் வீட்டில் பூமிக்கடியில் சம்ப், மேலே டேங்க், நடுவில் மோட்டார். இல்லாதவர் வீட்டில் டிரம், குடம், பக்கெட். மூடாமல் நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுவதுதான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் வழக்கம். மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து டிரம்மைத் திறந்து பார்த்து மருந்து ஊற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த டிரம் அங்கே ஏன் நிற்கிறது என்பதற்கான விடை குடிநீர்க் குழாயில் இருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. நாளில் மூன்று மணி நேரம் மட்டும் நீர் ஓடும் குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடுகளில் மீட்டரும் இல்லை. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குச் சொத்து மதிப்பை ஒட்டிய வரியும், மாதத்துக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணமும்தான். ஆலையிலிருந்து எவ்வளவு புறப்பட்டது என்று தெரியும். வீடுகளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்து சொல்ல வழியில்லை. அளக்க முடியாத இழப்பை ஈடுகட்டவும் சேர்த்துத்தான் நாம் புதுப்புது ஆலை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு வீடும் ஒரு குடிநீர் வாரியம்

1978ல் தனிச் சட்டம் போட்டுச் சென்னைக் குடிநீர் வாரியம் அமைக்கப்பட்டது. ஆனால் இன்றைக்கு இந்த நகரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் வேலையைப் பாருங்கள். போர் போட்டு நீரை எடுக்கிறது. சம்பில் தேக்குகிறது. மோட்டார் வைத்து மேலே ஏற்றுகிறது. ஆர்ஓ இயந்திரம் வைத்துச் சுத்திகரிக்கிறது. அதையும் நம்பாமல் குடிக்கக் கேன் வாங்குகிறது. கோடையில் லாரிக்குச் சொல்லி வைக்கிறது. ஒரு வாரியம் செய்யவேண்டிய எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்துகொள்கிறார்கள். இதற்கான இயந்திரச் செலவும் மின்கட்டணமும் எந்தக் குடிநீர்க் கணக்கிலும் வராது. கேன் 40 ரூபாய் என்று வைத்தால் லிட்டருக்கு 2 ரூபாய், ஆயிரம் லிட்டருக்கு 2,000 ரூபாய். குழாய்த் தண்ணீருக்கு நியாயமான கட்டணம் கேட்டால் கொதிக்கும் நாம், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. பணம் உள்ளவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. குழாய் சரியில்லை என்று சண்டை போடக் குரலும் செல்வாக்கும் உள்ளவர்கள், சம்பும் போரும் லாரியும் வந்த பிறகு அந்தச் சண்டையிலிருந்து விலகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் குடத்தோடு நிற்பவர்கள்.

அவர்கள் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறார்கள். வாசலில் அடிபம்பு, தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க், மெட்ரோ லாரி வந்து நிரப்பும் நேரம் தெரியாமல் அதன் அருகே வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். வடசென்னையின் பல தெருக்களில் இதுதான் காலை. குடத்தை வரிசையில் வைத்தால் மட்டும் போதாது, ஆள் இருக்க வேண்டும். ஒரு குடம் நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று படியேறுவது பெரும்பாலும் பெண்கள். லாரி காலை 9 மணிக்கு வந்தால் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய வேலை தாமதம். பத்து மணிக்கு வந்தால் சம்பளத்தில் பிடித்தம். மாதத்தில் நாலைந்து முறை இப்படி ஆனால் வேலையே போகும். பள்ளிக்குப் போகவேண்டிய பெண்பிள்ளையை வரிசையில் நிறுத்தும் வீடுகளும் உண்டு. 135 லிட்டர் கணக்கில் இந்த மணிநேரங்களுக்கு இடமில்லை. ஒரு நகரம் தன் பெண்களின் நேரத்தை இப்படி விழுங்கினால், அங்கே எத்தனை பூங்கா இருந்தும் அதை வாழத் தகுந்த இடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லாரியில் வந்து லாரியில் போகும் தண்ணீர்

பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டடங்கள் முதலில் வந்தன. குழாய் பிறகு வரும் என்றார்கள். 2011ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் நகரத்துக்குள் வந்தன. குழாயும் பாதாளச் சாக்கடையும் அதன் பிறகு பல ஆண்டுகள் ஆகியும் பாதிக்குப் பாதிதான் எட்டின. அதனால் பல அடுக்குமாடிகளில் காலையில் ஒரு லாரி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றும். மாலையில் இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டுக்கும் பணம். பல குடியிருப்புகளில் அசோசியேஷன் கூட்டத்தில் அதிக நேரம் ஓடுவதும், மெயின்டனன்ஸ் தொகையில் பெரும்பகுதி போவதும் இந்த இரண்டு லாரிகளுக்குத்தான். லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தால் இரண்டே நாளில் முப்பது மாடிக் கட்டடம் தடுமாறும்.

கழிவுநீர் லாரிகளில் சில எங்கே போய்க் கொட்டுகின்றன என்பது அந்தப் பக்கத்து மழைநீர்க் கால்வாய்களைப் பார்த்தாலே தெரியும். நல்ல தண்ணீர் லாரி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் குடியிருப்பவர்கள் அதிகம் கேட்பதில்லை. புறநகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளிலிருந்து அது வருகிறது. நிலத்தடி நீரை எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் சென்னைப் பெருநகருக்கு 1987லேயே வந்துவிட்டது. இருந்தும் நெல்லுக்கு இறைப்பதைவிட லாரிக்கு விற்பது லாபம் என்ற நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. விற்பவர் ஒருவர், நீர்மட்டம் இறங்குவதோ ஊருக்கே. லாரிகளை மறித்து அந்த ஊர்க்காரர்கள் மறியல் செய்தபோது நகரத்தில் அது போக்குவரத்துச் செய்தியாகத்தான் வந்தது.

அவர்களுக்கு மீஞ்சூர் ஒரு எச்சரிக்கையாக இருக்கிறது. 1960களிலிருந்து நகரத்துக்காகவும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்காகவும் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளின் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. நல்ல நீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவந்தது. நெல் விளைந்த நிலங்களின் கிணறுகள் உப்பாயின. ஒருமுறை ஏறிய உப்பு ஓரிரண்டு மழையில் இறங்குவதில்லை. பல பத்தாண்டுகள் ஆகும். நகரத்தின் வாழத்தகு நிலையை அதன் எல்லைக்குள் மட்டும் அளந்தால் இந்த இழப்பு கணக்கிலேயே வராது.

பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000க்குப் பிறகு கொண்டுவந்து வைத்த மறுகுடியமர்வு இடங்கள் இவை. பல ஆயிரம் வீடுகள். தாழ்ந்த நிலம் என்பதால் பெருமழைக்கு முதலில் மூழ்கும். கோடையில் முதலில் காய்வதும் அங்கேதான். ஐடி வளாகங்களைத் துப்புரவு செய்யும் பலர் இங்கே வசிப்பவர்கள். வேலை பார்க்கும் கட்டடத்தில் தண்ணீர் தானாகக் கொட்டும் குழாய்கள், வீட்டில் முறை வைத்துப் பிடிக்கும் குடங்கள்.

ஒரே நகரம் மூழ்குவதும் காய்வதும்

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு அடையாறு ஊருக்குள் புகுந்தது. நான்கு வருடத்துக்குள் அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

இதை இயற்கையின் விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 426 சதுர கிலோமீட்டரில் விழும் அந்த மழையைக் கணக்கிட்டால் சுமார் 21 டிஎம்சி வரும். நகரம் குழாய் வழியே ஓராண்டில் பயன்படுத்துவது ஏறக்குறைய 13 டிஎம்சி. விழுவதெல்லாம் பிடிக்க முடியாதுதான். ஆனால் பிடிப்பதற்கு இருந்த இடங்களை நாம் என்ன செய்தோம்? மாம்பலம் ஏரிப் படுகையில் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம். வேளச்சேரி ஏரி சுருங்கிச் சுருங்கி ஒரு குளமளவுக்கு வந்துவிட்டது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பைக்கிடங்கும் ரயில் நிலையமும் ஐடி கட்டடங்களும் வந்து, பெரும்பகுதி போன பிறகு 2022ல் மிஞ்சியதற்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. தாமதமானாலும் நல்ல காரியம்.

2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நான் இந்த நகரத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். அதற்கு முந்தைய வறட்சி அவ்வளவு கொடியது. 2003, 2004ல் பெரும்பாலான பகுதிகளில் குழாய் விநியோகமே ஏறக்குறைய ஓராண்டு நின்றுபோய், லாரியில்தான் நகரம் பிழைத்தது. அந்தப் பயத்தில் எல்லோரும் குழி வெட்டினார்கள். 2005 பெருமழைக்குப் பிறகு பல இடங்களில் கிணறுகள் மேலேறின, உப்பும் குறைந்தது. அப்புறம் பயம் போயிற்று. கூழாங்கல்லும் மணலும் அடைத்துப் பாசி பிடித்த குழிகளை யாரும் திரும்பித் திறந்து பார்க்கவில்லை. கட்டட அனுமதிக்காக ஒரு குழாயைத் தரையில் சொருகிவைத்த இடங்களும் நிறைய.

இன்னொரு முடிவு இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019ல், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் வடிகட்டித் தொழிற்சாலைக்கு ஏற்ற நீராக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். வடக்கே மணலிப் பக்கத்து ஆலைகளுக்கும், மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் அந்த நீர் போகிறது. மணலியின் சில பெரிய ஆலைகள் 1990களிலிருந்தே கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தியவைதான். தொழிற்சாலை குடிக்கும் நல்ல தண்ணீர் அந்த அளவுக்கு வீடுகளுக்கு மிஞ்சுகிறது. கடல்நீரை ஆயிரம் லிட்டர் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். பேரூர் ஆலை முழு அளவில் ஓடினால் நாளுக்கு 12 லட்சம் யூனிட்டாவது ஆகும். உப்பு அடர்ந்த கழிவு கடலுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி அந்தக் கரையின் மீனவர்கள் கவலையோடு கேட்கிறார்கள். கழிவுநீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரமும் குறைவு. மழை பொய்த்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். முதலில் அதை முழுதாகப் பிடித்துவிட்டுக் கடலுக்குப் போவதுதான் சரியான வரிசை என்று நான் நினைக்கிறேன்.

நாள் முழுக்க ஓடும் குழாய் சாத்தியமா?

கம்போடியாவின் நோம் பென் 1993ல் சென்னையைவிட மோசமான நிலையில் இருந்தது. போரில் சிதைந்த குழாய்கள், நாளில் சுமார் 10 மணி நேர விநியோகம், அதுவும் நகரத்தில் சிலருக்கு மட்டும். புறப்படும் நீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் போனது. எக் சோன் சான் என்ற பொறியாளர் குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். கசிவைத் தேடிப் பிடிக்கப் பகலிரவு குழுக்களை அமைத்தார். கட்டணம் கட்டாத செல்வாக்கான ஆட்களின் இணைப்பையும் துண்டித்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் கொடுத்தார். 2010 வாக்கில் இழப்பு 6 சதவீதத்துக்கு இறங்கியது. நாள் முழுக்கத் தண்ணீர், குழாயிலிருந்து நேரே குடிக்கலாம். முன்பு தெருவில் வண்டித் தண்ணீருக்குப் பல மடங்கு கொடுத்த ஏழைகள் குழாய் வந்த பிறகு குறைவாகவே கட்டினார்கள். அவருக்கு 2006ல் மகசேசே விருது கிடைத்தது.

மேகாங் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது, ஊற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் ஊற்று வற்றும் ஊருக்குத்தான் கசிவைப் பிடிப்பது இன்னும் அவசரம். இந்தியாவிலேயே ஒடிசாவின் புரி 2021ல் வீட்டுக்குழாயில் நாள் முழுக்கக் குடிக்கத் தகுந்த நீர் தரும் நகரமானது. சிறிய ஊர் என்பது உண்மை. நம் கோவையிலும் 24 மணி நேர விநியோகத் திட்டம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு 2018ல் ஒப்பந்தமாகி நடந்துவருகிறது. அங்கே தனியார் கையில் தண்ணீரா என்ற எதிர்ப்பு எழுந்தது. நோம் பென்னில் செய்து காட்டியது அரசு நிறுவனம். ஆகவே தனியாரா அரசா என்பதிலேயே விவாதம் நின்றுபோவதை நான் விரும்பவில்லை. மீட்டர் என்றதும் ஏழைக்கு வைக்கப்படும் விலை என்று பயப்படுவதையும் புரிந்துகொள்ள முடிகிறது. குடும்பத்துக்குத் தேவையான அளவுவரை இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கொடுத்து, அதற்கு மேல் ஏறுமுகமாகக் கட்டணம் வைத்தால், புல்வெளிக்கும் நீச்சல்குளத்துக்கும் கொட்டுபவர்தான் அதிகம் கட்டுவார்.

சென்னையில் ஒரேயடியாக எல்லாத் தெருவிலும் செய்ய முடியாது. லட்சக்கணக்கான சம்புகள் ஒரே நேரத்தில் உறிஞ்சினால் எந்தக் குழாயிலும் அழுத்தம் நிற்காது. பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது வழக்கமாக முதலில் தேர்வாவது, சத்தம் போட்டால் கேட்கும் ஆட்கள் உள்ள நகர்கள். என்னைக் கேட்டால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நெம்மேலி ஆலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வீடுகள் அனைத்தும் குடிசை மாற்று வாரியம் கட்டிய தொகுப்புகள் என்பதால் வீட்டுக்கு வீடு சம்ப் கிடையாது; ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு மீட்டர் வைத்து, எவ்வளவு வந்தது, எவ்வளவு கசிந்தது என்று ஓராண்டிலேயே சொல்லிவிடலாம். குழாய் பதிக்கும் தூரமும் குறைவு. அடுத்த பகுதிக்குப் போவதற்கு முன் குடிநீர் வாரியத்தின் பொறியாளர்கள் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசமும் கிடைக்கும். அங்கே வசிக்கும் பெண்களில் ஒருசிலரை மீட்டர் குறிக்கவும் கசிவு பார்க்கவும் சம்பளத்துக்கு அமர்த்தினால், எந்தக் குழாய் எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று பல ஆண்டுகளாக அறிந்தவர்கள் கையில் வேலை இருக்கும்.